நிலம் இளகும் வரை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
18 செப்டம்பர் 2005

அன்பின் அக்னெஸ்,

தொலைபேசியில் கதைத்தால் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டுதான் வைக்கிறோம். போன முறை அனோஜினி இடையில் வந்து றிசீவரை வாங்கி வைத்தாள். பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீர் என்னை இடைமறிக்க முடியாது, நானும் உம்மை இடைமறிக்க முடியாது.

ஒரு விசயத்தில் உம்முடைய சம்மதம் வேண்டும். அதைச் சொல்ல முதல் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் றெஜானும் நானும் அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து இசைவிழாவில் வாசிக்கப் போனோம். பெரிய மாட்டுக்கொட்டில் ஒன்றைக் கழுவி மேடை போட்டிருந்தார்கள். றெஜானுக்கு முதல்நாளே தொண்டை கட்டியிருந்தது. பாதியில் குரல் போய்விட்டது. "வன்சான், நீ ஒண்டு பாடு, நான் தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று, என் பெயரை வழக்கம்போலத் தன் உச்சரிப்பில் இழுத்து, பிரெஞ்சில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். இருபது வருடம் அவனுக்குப் பின்னால் நின்று வாசித்தவன் முன்னுக்குப் போய் நின்றேன். ஒரே ஒரு பாட்டு, மதுச்சாலைகளில் அவன் இளைப்பாறும் நேரத்தில் தனியாகப் பாடுகிறது. நான் எழுதினது.

இறங்கி வந்தபோது ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். கோரா வின்ஸ்லோ என்று பெயர், வெர்மொன்றில் இருக்கிறாள். அமெரிக்க வானொலிகளில் அவளுடைய பாட்டுகள் போகிறதாம். "இது யார் எழுதினது?" என்று கேட்டாள். அக்னெஸ், இந்த நாட்டில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பகலில் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அங்கே எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியும் என்று ஒருவருக்கும் தெரியாது. சனி, ஞாயிறு கிற்றார் வாசிக்கிறேன். அங்கே எனக்கு எழுதத் தெரியும் என்று ஒருவருக்கும் தெரியாது. றெஜானின் இரண்டு இசைத்தட்டிலும் என் பெயரைப் பிழையாக அச்சடித்தார்கள். நானே காசு போட்டுப் பதிந்த கசெற் இன்னும் நிலக்கீழ் அறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, நீர் எத்தனை தரம் அதைத் தூக்கி எறியச் சொன்னீர் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோரா தன் அடுத்த இசைத்தட்டில் அந்தப் பாட்டைப் பாட விரும்புகிறாள். என் பெயரோடு. இந்த வகைப் பாட்டுக்கு இப்போது அமெரிக்கானா என்று பெயராம். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகி, வானொலியின் ஆங்கிலச் சேவையைக் காதை வைத்துக் கேட்டு விரல் பதித்தவன் நான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சந்தோசமும் வந்தது, மறைக்க மாட்டேன்.

எந்தப் பாட்டு என்று நீர் இதற்குள் விளங்கிக்கொண்டிருப்பீர். எங்கள் மூத்தவனைப் பற்றியது. நீர் வீட்டை விட்டுப் போனதும் அந்தப் பாட்டால்தான். ஆகவே கோராவுக்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீர் சம்மதித்தால் கொடுப்பேன்.

வின்சன்ட்


ஸ்காபரோ
2 ஒக்ரோபர் 2005

அனோஜினியின் அப்பாவுக்கு,

சம்மதம் இல்லை. முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீங்கள் கடிதம் முழுக்கத் தேடத் தேவையில்லை.

இனிக் காரணம். நாங்கள் வந்து இரண்டாவது பனிக்காலம் அது. எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தட்டுத்தடுமாற்றம். பிள்ளை ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் ஒன்றைத்தான் கேட்டேன். "இதைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம்" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் என் பங்கைக் காப்பாற்றினேன். அம்மாவுக்கு எழுதும்போது அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டோம், குருவானவர் வந்தார், எல்லாம் முறைப்படி நடந்தது என்று எழுதினேன். இங்கே எங்கள் சனத்துக்கும் அதைத்தான் சொன்னேன். நிலம் உறைந்துபோய்க் கிடக்கிறது, குழி வெட்ட முடியாது, வெயில் வரும்வரைக்கும் பிள்ளையை ஒரு கட்டிடத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? அனோஜினிக்கே தனக்கு ஒரு அண்ணன் இருந்தது தெரியாது.

பிறகு றெஜானின் அறுபதாவது பிறந்தநாள் வந்தது. நான் உங்களோடு அந்த மதுச்சாலைக்கு வந்தது அந்த ஒரு தரம்தான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடினீர்கள். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரி மூக்கைத் துடைத்தாள். நான் அனோஜினியிடம், "என்ன பாட்டு பிள்ளை இது?" என்று கேட்டேன். அவள் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, "செத்துப்போன பேபி ஒண்டைப் பற்றி அம்மா. நிலம் ஐஸ் எண்டு புதைக்காமல் வச்சிருக்கினமாம். சரியான சோகம்" என்றாள். அவள் உங்களைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்படித்தான் என் மகளுக்குத் தன் அண்ணனைப் பற்றித் தெரியவந்தது.

எத்தனை மதுச்சாலையில் என் பிள்ளையைக் கொண்டுபோய்க் கிடத்தினீர்கள்? பியர் போத்தலுக்கும் மேசைகளுக்கும் நடுவில்?

நீங்கள் வாசிக்கிறதில் கெட்டிக்காரர். அது எனக்குத் தெரியும். உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதும் தெரியும். வேறு எந்தப் பாட்டை வேண்டுமானாலும் அவளுக்குக் கொடுங்கள். இது என்னுடையதும்தான்.

அக்கா வீட்டில் எல்லோரும் சுகம். முதியோர் இல்லத்தில் எனக்குப் பகல் வேலை கொடுத்துவிட்டார்கள்.

அக்னெஸ்


செயின்ட்-மிஷேல்
23 ஒக்ரோபர் 2005

அன்பின் அக்னெஸ்,

கோராவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறு பாட்டுகள் பதிந்து அனுப்பினேன். மரியாதையாகப் பதில் எழுதினாள். அவளுக்கு அந்த ஒன்றுதான் வேண்டுமாம்.

றெஜான் என்னோடு கோபம். வான் ஓட்டிக்கொண்டு போகும்போது கதைக்கிறானில்லை. "உன்ர வாழ்க்கையில ஒருக்கால்தான் கதவு திறந்தது, நீ அதைச் சாத்திப்போட்டாய்" என்று ஒரே ஒரு தரம் சொன்னான். நான் காரணம் சொல்லவில்லை.

உமக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீர் கேட்டபடி நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. றெஜானுக்கே அது யாருடைய பிள்ளை என்று தெரியாது, ஏதோ கேள்விப்பட்ட கதை என்றுதான் நினைக்கிறான். அந்தப் பனிக்காலத்தில் நீர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர். பிழை என்று சொல்லவில்லை. எனக்குச் சாத்த ஒரு கதவு இருக்கவில்லை. துறைமுகத்தில் அழ முடியாது. வீட்டில் உமக்கு முன்னால் அழ முடியாது. உமக்கு விளங்காத மொழியில், நீர் வராத இடத்தில் பாடினால் உமக்கு நோகாது என்று நினைத்தேன். அங்கே பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிக்கிறதை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்கள். அதையும் நீர் அறிய வேண்டும்.

இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். வீட்டு ஹீற்றர் பழுதாகி, திருத்தியாயிற்று. அனோஜினிக்கு முதல் வருடப் படிப்பு எப்படிப் போகிறது?

வின்சன்ட்


ஸ்காபரோ
27 நவம்பர் 2005

அனோஜினியின் அப்பாவுக்கு,

அனோஜினி என்னோடு சண்டை. நீங்கள் அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொன்னதை அவள் எப்படியோ அறிந்துவிட்டாள். "முழுப் பாட்டும் உங்களுக்குத் தெரியுமா அம்மா? நான் அண்டைக்குச் சொன்னது முதல் பந்தி மட்டும்தான். நீங்கள் எழும்பிப் போயிட்டீங்கள்" என்கிறாள். மிச்சத்தைச் சொல்லு என்றால், "நான் சொல்ல மாட்டன், அப்பாட்டைக் கேளுங்கோ" என்று கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போகிறாள்.

உங்கள் கசெற் ஒன்று அவளிடம் இருக்கிறது. போட்டுக் கேட்டேன். குரல் விளங்குகிறது, சொல் விளங்கவில்லை. முதியோர் இல்லத்தில் எனக்கு விளங்குகிற ஆங்கிலம் மருந்தும் சாப்பாடும்தான்.

முழுவதையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். சுருக்கி எழுதாதீர்கள், அழகுபடுத்தியும் எழுதாதீர்கள். என்ன பாடினீர்களோ அதை எழுதுங்கள்.

அக்னெஸ்


செயின்ட்-மிஷேல்
11 டிசம்பர் 2005

அன்பின் அக்னெஸ்,

நான் தமிழில் பாட்டு எழுதினவன் இல்லை. ஆங்கிலத்தில் பாடுகிறதை அப்படியே சொல்லிப் பார்க்கிறேன். எதுகை மோனை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் பந்தி. தை மாதம். குருவானவர் சொல்கிறார், நிலம் கல்லாகிவிட்டது, மண்வெட்டி இறங்காது. கல்லால் கட்டின வீடு ஒன்று இருக்கிறது, இரும்புக் கதவு போட்டது. பனிக்காலத்தில் செத்தவர்கள் எல்லோரும் அங்கேதான் காத்திருக்கிறார்கள். நீலப் போர்வையில் சுற்றின ஒருவனை உள்ளே வைத்தார்கள். அங்கே அவன்தான் ஆகச் சின்னவன்.

இரண்டாம் பந்தி. ஞாயிற்றுக்கிழமை பஸ்சில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போகிறேன். மதில் ஓரமாக நடக்கிறேன். கல்வீட்டுக் கதவுக்கு வெளியில் நிற்கிறேன். பனி வழிக்கிற காவல்காரன் ஒன்றும் கேட்கவில்லை, தொப்பியை மட்டும் தூக்குகிறான். நான் கதவுக்குப் புதினம் சொல்கிறேன். ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. கப்பல் ஒன்று ஐஸை உடைத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு உன் அம்மா கொஞ்சம் சோறு சாப்பிட்டாள்.

ஒவ்வொரு பந்திக்குப் பிறகும் வருகிறது இது:

நிலம் இளகும் வரை பொறு, மகனே,
நீ உள்ளே, நான் வெளியே,
இரண்டு பேருக்கும் ஒரே குளிர்.

மூன்றாம் பந்தி. சித்திரை. கதவைத் திறக்கிறார்கள். மண் கறுப்பாக, ஈரமாக இருக்கிறது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் குழிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அவள் ஒரு பிடி மண் போடுகிறாள். அவன் ஒரு பிடி மண் போடுகிறான். பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்சில் வீட்டுக்குப் போகிறார்கள்.

அவ்வளவுதான் பாட்டு.

நத்தாருக்கு அனோஜினிக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உமக்கும் அதில் ஒரு கம்பளிக் கையுறை இருக்கிறது.

வின்சன்ட்


ஸ்காபரோ
15 ஜனவரி 2006

அனோஜினியின் அப்பாவுக்கு,

கையுறை அளவாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கலாம் என்று கொண்டுபோய், வாசிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். அப்படி இரண்டு கிழமை போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் அங்கேயா போனீர்கள்? றெஜான் வீட்டுக்குக் கிற்றார் பழகப் போகிறேன் என்றல்லவா சொல்லிவிட்டுப் போவீர்கள். கையில் கிற்றார்ப் பெட்டியும் இருந்தது. பச்சைப் பிள்ளை செத்து ஒரு மாதம் ஆகவில்லை, இந்த மனுசனுக்குப் பாட்டுக் கேட்கிறது என்று நான் அந்தக் கட்டிலில் கிடந்து உங்களைத் திட்டினேன். பிறகு வந்த எல்லா வருடமும் அந்தக் கிற்றாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகம் வரும். அனோஜினி பிறந்த பிறகும், நீங்கள் இசைவிழாக்களுக்கு வெளிக்கிட்டுப் போகும்போதும், அதே கோபம்தான். ஏன் சொல்லவில்லை? ஒரு தரம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? கதைக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஆனால் நான் சொன்னதை எல்லாம் நீங்கள் கேட்டு நடந்தவரா?

போர்வை நீலம் இல்லை. போர்வையே இல்லை. நீங்கள் குருவானவரோடு ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றீர்கள். நான் போட்டிருந்த மண்ணிற ஸ்வெற்றரைக் கழற்றி அதில்தான் சுற்றினேன். கீழ்மாடி இத்தாலிக்காரி தந்த ஸ்வெற்றர். அது ஆஸ்பத்திரியில் தொலைந்துபோய்விட்டது என்று உங்களுக்குச் சொன்னேன். தாதி அதை எடுக்க வந்தாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

கடைசிப் பந்திதான் எனக்கு விளங்கவில்லை. நான் அங்கே இருக்கவில்லை. சித்திரை மாதம் நீங்கள் என்னை எழுப்பினீர்கள், "இண்டைக்குத்தான், வாரும்" என்றீர்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். நீங்கள் தனியாகப் போனீர்கள். பாட்டில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். என் கையில் மண்ணையும் கொடுத்திருக்கிறீர்கள். ஏன்?

அந்தப் பெண் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவள் போய் நின்றாள்.

அக்னெஸ்


செயின்ட்-மிஷேல்
5 பெப்ரவரி 2006

அன்பின் அக்னெஸ்,

ஸ்வெற்றரைப் பற்றி எனக்குத் தெரியாது. அவனுக்குக் குளிர்ந்திருக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீர் கேட்டதற்குப் பதில். முதலில் நடந்தபடிதான் எழுதினேன். ஒருவன் மட்டும் நின்றான், ஒரு பிடி மண் போட்டான், தனியாக பஸ் ஏறினான். எழுத முடிந்தது, பாட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும் குரல் நின்றுவிடும், விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பல மாதம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் உம்மைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். கடைசிவரைக்கும் பாட முடிந்தது. நீர் வராததை மறைக்க அப்படி எழுதவில்லை. எனக்குத் துணை வேண்டியிருந்தது.

கோராவின் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. றெஜான் வாங்கிக்கொண்டு வந்து தந்தான். நன்றாகத்தான் பாடியிருக்கிறாள். எங்களுடைய பாட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரயில் பாட்டு இருக்கிறது. கேட்டு முடித்துவிட்டு, ரயில் பாட்டில் கிற்றார் வாசிக்கிறவன் ஒரு இடத்தில் அவசரப்படுகிறான் என்று சொன்னேன். றெஜான் சிரித்தான். இப்போது கோபம் இல்லை.

துறைமுகத்தில் இந்த முறை குளிர் கூட. காலையில் ஃபோர்க்லிஃப்டின் பிடியைத் தொட்டால் கையுறைக்குள்ளும் சுடுகிறது.

வின்சன்ட்


ஸ்காபரோ
23 ஏப்ரல் 2006

அனோஜினியின் அப்பாவுக்கு,

மே மாதம் நடுவில் எனக்கு லீவு கிடைக்கிறது. பஸ்சில் வருகிறேன். அனோஜினிக்கு அப்போது சோதனை முடிந்திருக்கும், அவளும் வருகிறாள்.

அந்த இடத்தை எனக்குக் காட்டுங்கள். இருபது வருடமாக அந்தப் பக்கம் போகிற பஸ்சில்கூட நான் ஏறவில்லை.

வீட்டில் சமைக்க ஒன்றும் வாங்கி வைக்காதீர்கள். நான் மீனும் தூளும் கொண்டுவருகிறேன்.

அக்னெஸ்


செயின்ட்-மிஷேல்
28 மே 2006

அன்பின் அக்னெஸ்,

நீங்கள் போன பிறகு வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. முடிக்க மனமில்லை.

அன்றைக்கு அந்தச் சின்னக் கல்லுக்கு முன்னால் நீர் என்னை, "இப்ப பாடுங்கோவன்" என்று கேட்டீர். நான் பாடவில்லை. நீர் கோபித்திருக்கலாம். குரல் வராமல் இல்லை. நீரும் பிள்ளையும் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு அந்தப் பாட்டுத் தேவைப்படவில்லை. அதைச் சொன்னால் நீர் அழுவீர் என்று சொல்லாமல் விட்டேன். பிறகு நீர் புல்லை விலக்கி ஒரு பிடி மண் எடுத்தீர். அதை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

அனோஜினி அவன் பெயரைக் கேட்டாள். நீர் சொன்னீர். அருள்தாசன் என்று உம்முடைய வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

வின்சன்ட்


ஸ்காபரோ
18 ஜூன் 2006

அனோஜினியின் அப்பாவுக்கு,

ஒன்று கேட்கிறேன், உடனே இல்லை என்று எழுதாதீர்கள்.

ஆவணியில் மொன்றியலில் எங்கள் சனத்தின் கோயில் பெருநாள் வருகிறது. பூசை முடிந்து வில்லரே மண்டபத்தில் சாப்பாடும் கலைநிகழ்ச்சியும் நடக்கும். நிகழ்ச்சி ஒழுங்கு செய்கிறவர் அருமைராசா அண்ணை. அவருடன் தொலைபேசியில் கதைத்தேன். நீங்கள் பாடுவீர்கள் என்று சொல்லிவிட்டேன். "வின்சன்ட் இங்கிலிஷ் பாட்டெல்லோ பாடுறவர்?" என்றார். "இல்லை அண்ணை, தமிழ்ப் பாட்டு" என்றேன்.

வெள்ளைக்காரருக்கு முன்னால் இவ்வளவு காலம் பாடினீர்கள். எங்கள் சனத்துக்கு முன்னால் ஒருநாளும் பாடவில்லை. அவர்களுக்கு நான்தான் பொய் சொன்னேன், அன்றே அடக்கம் செய்துவிட்டோம் என்று. அந்தப் பொய்யோடு இனிமேல் அந்தக் கோயில் படியேற எனக்கு விருப்பமில்லை. மேடையில் ஏறிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் பாடுங்கள்.

டிசம்பரில் எனக்கு எழுதினீர்களே, அதுதான் பாட்டு. நான் சில இடத்தை மாற்றியிருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். நீலப் போர்வையை எடுத்துவிட்டேன். தமிழ் அந்த மெட்டில் நிற்காது என்று சொல்வீர்கள், எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் வசனம் வெட்டென்று முடிகிறது, தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து இழுபடுகிறது என்று அனோஜினியிடம் சொன்னீர்களாம். இழுபடட்டும். அந்தக் காத்திருப்பும் இழுபட்டதுதானே.

அக்னெஸ்


செயின்ட்-மிஷேல்
27 ஆகஸ்ட் 2006

அன்பின் அக்னெஸ்,

மண்டபத்திலிருந்து நேரே பஸ் ஏறப் போய்விட்டீர் என்று அனோஜினி சொன்னாள். அடுத்த நாள் காலை வேலை என்று தெரியும், இருந்தாலும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவீர் என்று பார்த்தேன்.

சொல்லவும் ஒன்றும் இருக்கவில்லைத்தான். நான் தோற்றுப்போனேன், அக்னெஸ். அருமைராசா அண்ணை என்னை "எங்கள் ஆங்கிலப் பாடகர்" என்றே அறிமுகம் செய்தார். மைக் கூவியது. சனம் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. றெஜான் சப்பாத்தைப் பளபளப்பாக்கி, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நின்று வாசித்தான். இருபது வருடத்தில் முதல்தடவை அவன் பின்னுக்கு, நான் முன்னுக்கு. இரண்டாம் பந்தியில் சாப்பிடுகிற சத்தம் நின்றது. நான் நல்லது என்று நினைத்தேன். பாட்டை முடித்தேன். ஒரு கைகூடத் தட்டவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அண்ணை இருமிவிட்டு, "அடுத்தது சின்னப்பிள்ளைகளின்ர நடனம்" என்றார். உம்மைத் தேடினேன், கதிரை வெறுமையாக இருந்தது.

மதுச்சாலையில் குடித்தவன்கூட மேசையில் தட்டுவான். சொந்தச் சனத்துக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. உம்மை அவர்கள் முன்னால் கூச்சப்பட வைத்துவிட்டேனோ என்றுதான் கவலை. றெஜானுக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் வானில் ஏறும்போது தோளில் கை வைத்தான். அது போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன்.

வின்சன்ட்


ஸ்காபரோ
10 செப்டம்பர் 2006

அனோஜினியின் அப்பாவுக்கு,

இதை நான் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

நீங்கள் பாடத் தொடங்கியதும் என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. சனத்தின் முகத்தைப் பார்க்கப் பயம். பின்னால் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன். கழுவின கோப்பையையே திருப்பிக் கழுவினேன். உங்கள் குரல் அங்கேயும் கேட்டது. உன் அம்மா கொஞ்சம் சோறு சாப்பிட்டாள் என்ற இடம் வரும்போது யாரோ வந்து தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்கள். திரும்பினால் றோசா. கார்டெறி வைத்து மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறாளே, அந்த றோசா. எவ்வளவு காலம் கோயிலில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்திருப்போம். சட்டியைப் பற்றியும் சாறியைப் பற்றியும் தவிர வேறு ஒன்றும் கதைத்ததில்லை.

"என்ரையும் அந்தக் கட்டடத்துக்குள்ளதான் கிடந்தது, அக்கா" என்றாள். "உங்களுக்குப் பிறகு ஒரு வருசம் கழிச்சு. இவருக்கும் எனக்கும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நானும் ஊருக்கு அப்பிடித்தான் எழுதினனான்."

நான் ஈரக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மன்னார் ஆட்களில் இன்னொருவர் வந்தா. அவவுக்கு அங்கே கிடந்தது பிள்ளை இல்லை, தகப்பன். மாசி மாதம் செத்தவராம். வைகாசி வரைக்கும் அவரை வைத்திருந்ததை அவ ஒருவருக்கும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியில் போய் நிற்கலாம் என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அழுதா. குசினிக்குள் இடம் இல்லாமல் போய்விட்டது. வெளியில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உள்ளே நின்றோம். பஸ்சுக்கு நேரமாகி அனோஜினி வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

நீங்கள் தோற்கவில்லை. கை தட்டுகிற சத்தம் கேட்கவில்லையே என்று நான் குசினிக்குள் றோசாவிடம் சொன்னபோது, அவள் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தாள். "ஆர் அக்கா அதுக்குக் கை தட்டுறது?" என்றாள்.

என்னைக் கூச்சப்பட வைக்கவும் இல்லை. அன்றைக்கு மண்டபத்திலிருந்து வெளியில் வரும்போது இருபது வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கையில் இல்லாத மாதிரி இருந்தது. பஸ்சில் பாதி வழி, கிங்ஸ்ரன் வரைக்கும் நித்திரை கொண்டேன். நான் பஸ்சில் நித்திரை கொள்கிறவளா?

நவம்பரில் மரித்தவர்களுக்கான பூசை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதாக இருக்கிறோம். நீங்கள் கிற்றாரோடு வர வேண்டும் என்கிறார்கள். குளிரில் விரல் விறைக்கும் என்றேன். றோசா சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறாளாம். றெஜானையும் கூப்பிடுங்கள்.

முதியோர் இல்லத்தில் ஒக்ரோபரோடு நிற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மொன்றியலிலும் வயதுபோன ஆட்கள் இருக்கிறார்கள்தானே. அனோஜினி இங்கே அக்காவோடு இருந்து படிப்பை முடிக்கட்டும். நாங்கள் ஒரு வீட்டில் இருந்தால் சண்டை பிடிப்போம். அதையும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. றோசாவின் பிள்ளை பெட்டை. "பொறு, மகனே" என்று வருகிற இடத்தில் அன்றைக்கு மட்டும் "பொறு, பிள்ளை" என்று பாடுங்கள். மெட்டு இடிக்காது. நான் பாடிப் பார்த்துவிட்டேன்.

அக்னெஸ்